கைத்தடி எந்தக் கையில்?

வானூரில் இருக்கும் உங்கள் பாட்டிக்கு வலது இடுப்பு மூட்டை மாற்றி அறுவை செய்திருக்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். மரக்காணம் உப்பளங்களில் தலையில் உப்புக் கூடை சுமந்தவர். சும்மா படுத்திருக்க அவரால் முடியாது. சில வாரங்கள் வாக்கரைப் பிடித்து நடந்தபின் கைத்தடிக்கு மாறுகிறார். தடியை வலது கையில் ஊன்றுகிறார். “அறுவை செய்த பக்கத்துக்குத்தானே தாங்கல் வேண்டும்?” என்கிறார். மருத்துவரோ, “இடது கையில் பிடியுங்கள்” என்கிறார். யார் சொல்வது சரி?

நீங்கள் படித்த நெம்புகோல் விதியே இதற்கு விடை கூறும்.

பாட்டியின் எடை 60 கிலோ என்க. வலது காலில் நின்று இடது காலைத் தூக்கும்போது, ஊன்றிய காலின் எடை நீங்கலாக ஏறத்தாழ 50 கிலோ வலது இடுப்பு மூட்டின் மேல் அமைகிறது. மூட்டுதான் ஆதாரப்புள்ளி. இந்த எடை மூட்டிலிருந்து உட்புறமாகச் சுமார் 10 செ.மீ. தள்ளிச் செயல்படுகிறது. இடுப்பு இடப்புறம் சரியாதபடி, வெளிப்புறத்தில் சுமார் 5 செ.மீ. தொலைவில் உள்ள தசை கீழ்நோக்கி இழுக்கிறது. (எண்கள் எளிமைக்காக முழுமையாக்கப்பட்டவை.)

50 × 10 = தசை விசை × 5

ஆகவே தசை விசை 100 கிலோ எடைக்குச் சமம். மூட்டு தாங்குவது 50 + 100 = 150 கிலோ; அதாவது உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு!

இப்போது இடது கையில் தடியை ஊன்றி, 5 கிலோ அளவுக்கு மட்டும் அழுத்தட்டும். அந்தக் கை மூட்டிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதன் திருப்புத்திறன் 5 × 40 = 200. எனவே தசை ஈடுசெய்ய வேண்டியது 500 − 200 = 300; தசை விசை 60 கிலோ. மூட்டின் சுமை 45 + 60 = 105 கிலோ. 5 கிலோ அழுத்தத்துக்கு 45 கிலோ குறைந்துவிட்டது! தடி வலது கையில் இருந்தால் இந்த நன்மை கிடைக்காது. உடலும் வலப்புறம் சாய்ந்து நடை கோணும்.

சுமையைக் குறைப்பது ஏன் முக்கியம்? இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையின் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணத்தைப் பொருத்தினார். அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோயிற்று. 1962-இல் அதற்குப் பதிலாக உறுதி மிக்க பாலிஎத்திலீனைக் கையாண்டு வெற்றி பெற்றார். உலோகப் பந்தை ஏறத்தாழ 22 மி.மீ. விட்டமுள்ளதாகச் சிறிதாக்கியதால் உராய்வின் திருப்புத்திறனும் குறைந்தது. ஆயினும் தேய்மானம் அறவே நின்றுவிடுவதில்லை.

முழங்கால் மாற்றியவர்களும் எதிர்க் கையில்தான் தடி ஊன்ற வேண்டும். பிரதமர் வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரில் இடது முழங்காலும், 2001 ஜூனில் வலது முழங்காலும் மாற்றப்பட்டன. அடுத்த மாதமே, 76 வயதில், ஆக்ரா உச்சி மாநாட்டில் கலந்துகொண்டார். ஆகவே சுறுசுறுப்பான பாட்டியை முடக்கிவைக்க வேண்டியதில்லை; மருத்துவர் சொன்ன அளவுக்கு நடக்கட்டும். கூடை மட்டும் வேண்டாம்.

ஏன் வேண்டாம்? தலையில் 25 கிலோ உப்பு ஏறினால், தடியில்லாமல் நடக்கும் பாட்டியின் இடுப்பு மூட்டில் சுமை எவ்வளவு கூடும்? மேலே கண்ட முறையில் நீங்களே கணக்கிடுங்கள். விடை 75 கிலோ என வரும். அதைப் பாட்டியிடமும் போட்டுக் காட்டுங்கள்.