பையனின் லிவர் ரிப்போர்ட்: எதற்குப் பயப்பட வேண்டும்?

டாக்டரைக் கேளுங்கள் – குழந்தை நலம்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. போன மாதம் நான்கு நாள் காய்ச்சல் வந்து விட்டது. அதன்பிறகும் சோர்வாகவே இருக்கிறானே என்று ரத்தம் எடுத்துப் பார்த்தோம். எஸ்.ஜி.பி.டி. 168, எஸ்.ஜி.ஓ.டி. 94, ஏ.எல்.பி. 318. மூன்றையும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பிலிருபின் 0.6. மூன்று வாரம் கழித்துப் பார்த்ததில் எஸ்.ஜி.பி.டி. 152. ஸ்கேனில் ‘ஈரலில் லேசான கொழுப்பு’ என்று வந்திருக்கிறது. குடிப்பழக்கமே இல்லாத வீட்டில், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஈரலில் கொழுப்பு எப்படி வரும்? அவன் எடை 39 கிலோ, உயரம் 132 செ.மீ.

என் மாமியார் கீழாநெல்லியை (எங்கள் பக்கம் நேல உசிரி என்பார்கள்) அரைத்து மோரில் கொடுக்கலாம் என்கிறார். செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்தால் ஈரல் சுத்தமாகும் என்கிறார். மாமியார் என்றாலும் அவர் என் அம்மாவைப் பெற்ற பாட்டிதான். நான் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள். கணவருக்கு ஸ்ரீசிட்டியில் ஷிஃப்ட் வேலை. எண்ணெய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. ராத்திரியில் எழுந்து எழுந்து டார்ச் அடித்து அவன் கண் மஞ்சளாகிவிட்டதா என்று பார்க்கிறேன். இன்னொன்று: குளிப்பாட்டும்போது பின்கழுத்தைப் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தாலும் கறுப்பு போகமாட்டேன் என்கிறது. அதற்கு என்ன சோப்பு போடலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வரதய்யபாளையம்

பதில்: முதலில் அந்த டார்ச்சை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். காமாலையைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். டார்ச்சிலும் மஞ்சள் பல்பிலும் நல்ல கண்கூட மஞ்சளாகத்தான் தெரியும். பிலிருபின் 0.6 என்பது சாதாரண அளவு. பரிசோதனை எடுத்த அன்று உங்கள் மகனுக்குக் காமாலை இல்லை.

தடித்த எழுத்தில் வந்த மூன்றில் ஒன்றை இப்போதே அடித்துவிடலாம். ஏ.எல்.பி. ஈரலில் மட்டும் உண்டாவதில்லை. வளரும் எலும்பிலிருந்தும் வருகிறது. பல லேப்கள் பெரியவர்களுக்கான அளவையே குழந்தைக்கும் அச்சிட்டுக் கொடுத்துவிடுகின்றன. ஒன்பது வயதில் 318 என்றால் பையன் வளர்கிறான் என்று அர்த்தம்.

மிச்சம் இரண்டு. எஸ்.ஜி.பி.டி.யும் எஸ்.ஜி.ஓ.டி.யும் செல்லுக்குள் இருக்க வேண்டிய என்சைம்கள். செல் அடிபட்டால் அவை ரத்தத்தில் கசியும். ஆகவே 168 என்பது ‘ஏதோ ஒன்று ஈரல் செல்லைச் சீண்டிக்கொண்டிருக்கிறது’ என்று மட்டும் சொல்கிறது. ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று அது சொல்லாது. அதைச் சொல்பவை வேறு: ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., அல்புமின், பிலிருபின். உங்கள் கடிதத்தில் முதல் இரண்டும் இல்லை. அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது இவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எஸ்.ஜி.பி.டி. இறங்குவதெல்லாம் நல்லதுக்கு என்றும் எண்ணிவிடக் கூடாது. ஈரல் கடுமையாகக் கெட்டுப்போன பிள்ளைக்கு, கசிய செல்லே மிச்சமில்லாமல் அந்த எண் மளமளவென்று இறங்கும், பிலிருபினும் ஐ.என்.ஆரும் ஏறிக்கொண்டிருக்கும். உங்கள் மகன் நிலை அதுவல்ல. ஆனால் எண்ணை இறக்குவதற்கென்று மருந்து தேடுவது ஏன் வீண் வேலை என்பது இதிலிருந்து புரியும். தேட வேண்டியது காரணத்தை.

காரணங்களை வரிசையாகப் பார்ப்போம்

காய்ச்சலிலிருந்து தொடங்கலாம். டெங்கு, டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ மூன்றுமே ஈரலைத் தொடும். ஹெபடைடிஸ் ஏ அசுத்தமான தண்ணீர், தின்பண்டம் வழியே வருவது. சின்னப் பிள்ளைகள் பலருக்குக் கண் மஞ்சளாகாமலே வந்து போய்விடும். இவையெல்லாம் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். மூன்று வாரத்தில் 168 வெறும் 152 ஆகியிருப்பதால் காய்ச்சலின் மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. ஹெபடைடிஸ் ஏ, பி, சி பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள்.

அந்த நான்கு நாளும் என்னென்ன மருந்து கொடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120, 125, 240, 250 மில்லிகிராம் என்று பலவிதம் உண்டு. பழைய பாட்டிலின் மூடி அளவைப் புதுப் பாட்டிலுக்கும் வைத்தால் மருந்து இரட்டிப்பாகிவிடும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது என்பதுதான் கணக்கு. சளி மருந்துகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், லேபிளைப் படியுங்கள்.

அடுத்தது பலரும் மறந்துவிடுகிற ஒன்று. இந்த இரண்டு என்சைம்களும் தசையிலும் உண்டு. தசைச் சிதைவு நோய் உள்ள சில பையன்கள் ‘லிவர் கேஸ்’ என்று மாதக்கணக்கில் அலைக்கழிக்கப்படுவது உண்டு. உங்கள் மகன் தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றித்தான் எழுகிறானா? மாடிப்படி ஏறத் திணறுகிறானா? இல்லையென்றாலும் சி.பி.கே. என்ற பரிசோதனையை ஒருமுறை செய்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீரும்.

மூன்றாவது வில்சன் நோய். உடம்பில் சேரும் செம்புச் சத்தைப் பித்தநீர் வழியே வெளியேற்ற முடியாமல், அது ஈரலிலும் மூளையிலும் தங்கிவிடும் பரம்பரைக் கோளாறு இது. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களின் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் டாக்டரிடம் இதை நீங்களாகவே சொல்ல வேண்டும். வில்சன் நோயிலும் ஸ்கேனில் ‘கொழுப்பு’ என்றே தெரியக்கூடும். அதனால்தான் ‘வெறும் ஃபேட்டி லிவர்’ என்று முடிவு கட்டுமுன் ரத்தத்தில் செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு அளவு, கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் உண்டா என்று கண் பரிசோதனை, இந்த மூன்றையும் பார்க்கிறோம். 1956-ல் ஜான் வால்ஷ் பெனிசிலமின் மாத்திரையைக் கொண்டுவந்த நாளிலிருந்து இது மருந்தால் கட்டுப்படும் நோய். மருந்தை ஆயுள் முழுக்க விடக் கூடாது, அவ்வளவுதான். ஒருவேளை உறுதியானால் அவனுடன் பிறந்தவர்கள் அனைவரையும், ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் ‘ஆட்டோஇம்யூன்’ வகை அபூர்வம். அதற்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. டாக்டர் சொன்னால் செய்யுங்கள்.

கழுத்துக் கறுப்பு சொல்லும் சேதி

சோப்பு கேட்டு எழுதிய அந்தக் கடைசி வரிதான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது. பின்கழுத்தில் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்திருப்பது பெரும்பாலும் அழுக்கல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாததால், உடம்பு அதை அதிகமாகச் சுரப்பதன் அடையாளம். உயரத்துக்கு எடையும் கூடுதலாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கொழுப்பு ஈரலுக்கே வாய்ப்பு அதிகம் என்று தோன்றுகிறது. இதற்குக் குடிப்பழக்கம் தேவையில்லை. பிள்ளைகளுக்கும் வரும், இப்போது நிறையவே வருகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். பீர்க்கங்கூட்டை ஓரமாக வையுங்கள். தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் புண்ணாகும்.

நல்ல செய்தி, இந்தக் கட்டத்தில் இது திரும்பக்கூடியது. எண்ணெயை அடியோடு நிறுத்தியது தேவையற்றது. முட்டையை நாளையிலிருந்தே கொடுங்கள். நிறுத்த வேண்டியது குளிர்பானம், பாக்கெட் ஜூஸ், பிஸ்கட், பாலில் இரண்டு கரண்டி சர்க்கரை. இனிப்புப் பானத்தில் வரும் ஃபிரக்டோஸ் நேரே ஈரலுக்குப் போய்க் கொழுப்பாகிறது. சோறோ ராகிக் களியோ, வீட்டுச் சாப்பாடு எதுவும் பகை இல்லை. அளவாக, காயும் பருப்பும் கூட இருக்கட்டும். பட்டினி போட்டு எடையைக் குறைக்காதீர்கள். இப்போதுள்ள எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் வளர வளரச் சரியாகிவிடும். பள்ளிக்கு அனுப்புங்கள். மாலையில் ஒரு மணி நேரம் வேர்க்க வேர்க்க விளையாடட்டும். வீட்டில் பூட்டி வைத்தால் இந்த நோய் வளரும். ‘லிவர் டானிக்’ எதுவும் வேண்டாம்.

கீழாநெல்லியும் செம்புக் குடமும்

பாட்டி சொன்னதை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க் முதலானோர் 1988-ல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தக் கிருமியைச் சுமந்த 37 பேர் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் சாப்பிட்டதில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது; வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதில் நமக்குப் பாடம் ஒன்று உண்டு: கீழாநெல்லியைச் சோதித்தது ஹெபடைடிஸ் பி கிருமிக்கு. உங்கள் மகனுக்கு அந்தக் கிருமி இருக்கிறதா என்றே இன்னும் தெரியாது. கொழுப்பு ஈரலுக்கோ வில்சனுக்கோ அது மருந்தல்ல. ஹெபடைடிஸ் ஏ மாதிரி தானாகவே சரியாகும் காமாலையில் எந்த இலையைக் கொடுத்தாலும் குணமாகும். பேர் இலைக்குப் போய்விடும். காரணம் தெரியும்வரை பச்சிலை எதுவும் வேண்டாம். அடுத்த ரிப்போர்ட்டில் எண் ஏறினால் அது நோயாலா இலையாலா என்று பிரிக்க முடியாமல் போகும்.

செம்புக் குடத்தை வில்சன் பரிசோதனை முடியும்வரை கட்டாயம் ஒதுக்குங்கள். நம் நாட்டில் ஒரு காலத்தில் ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகளை ஈரல் சுருக்கம் கொத்துக்கொத்தாக வாரிக்கொண்டு போனது. 1980-களில் புனே மருத்துவர்களும் பிரிட்டனின் ஸ்டூவர்ட் டானரும் சேர்ந்து, ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலுக்கும் அதற்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். பாத்திரம் மாற மாற நோயும் ஏறக்குறைய மறைந்துபோனது. எந்த வீட்டிலும் செம்புப் பாத்திரத்தில் பால், மோர், எலுமிச்சைச் சாறு வைக்கவே கூடாது.

எங்கே போவது?

முதலில் ஒரு குழந்தை மருத்துவர் கையில் பிள்ளையை ஒப்படையுங்கள். லேப் லேபாக ஓடாதீர்கள். மேலே சொன்ன பரிசோதனைகளில் சந்தேகம் வந்தாலோ, மூன்று மாதம் ஆகியும் எஸ்.ஜி.பி.டி. 80-க்குக் கீழே வராவிட்டாலோ, குழந்தைகளுக்கான ஈரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். திருப்பதி ரூயா, ஸ்விம்ஸ், சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை எல்லாமே உங்களுக்கு எட்டும் தூரம்தான். மாநில எல்லை தாண்டுவதானால், ஆரோக்கியஸ்ரீ என்று இருந்து இப்போது என்.டி.ஆர். வைத்திய சேவையாகியிருக்கும் திட்டத்தில் உங்கள் கார்டு அங்கே செல்லுமா என்று ஆரோக்கியமித்ராவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போவது, விடாத வாந்தி, மூக்கில் ஈறில் ரத்தம், கறுத்த மலம், வயிறு உப்புவது, பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்துப் பிதற்றுவது – இவற்றில் எதைக் கண்டாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். தூக்கமும் பிதற்றலும் இருந்தால் எஸ்.ஜி.பி.டி. எவ்வளவு என்றே பார்க்க வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்புங்கள்.

கேள்வி: என் பேரனுக்கு 40 நாள் ஆகிறது. இன்னும் கண்ணும் மேலும் மஞ்சளாகவே இருக்கிறது. காலை வெயிலில் காட்டுங்கள், போய்விடும் என்கிறார்கள். மலம் வெளிறிப் போகிறது. பால் நன்றாகக் குடிக்கிறான். காத்திருக்கலாமா?
– ஒரு பாட்டி, சூலூர்பேட்டை

பதில்: கூடாது அம்மா. இதைப் படித்த அன்றே கிளம்புங்கள். பிறந்த குழந்தையின் சாதாரண மஞ்சள் இரண்டு வாரத்தில் வடிந்துவிட வேண்டும். அதற்கு மேலும் நீடித்து, மலமும் வெளுத்தால், பித்தநாளம் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். வெயில் இதற்கு உதவாது. பால் நன்றாகக் குடிப்பதும் எடை ஏறுவதும்தான் இந்த நோயில் குடும்பத்தை ஏமாற்றுகின்றன.

ஜப்பானின் மோரியோ கசாய் 1950-களில் வகுத்த அறுவைசிகிச்சை இதற்கு உண்டு. குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால் பலன் அதிகம். தள்ளத் தள்ளக் குறையும். உங்களுக்குக் கையில் இருப்பது 20 நாள். மலத்தின் நிறத்தைப் பெற்றோரே ஒப்பிட்டுப் பார்க்க தாய்வானில் 2004 முதல் நாடு முழுக்க ஒரு வண்ண அட்டையைக் கொடுக்கிறார்கள். நம்மிடம் அது பரவலாக இல்லாததால் செல்போனே அட்டை: மலம் பட்ட துணியைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

கசாய் பலன் தராவிட்டாலும் வழி அடைபடவில்லை. 1998 நவம்பரில் டெல்லி அப்போலோவில் இதே நோயுள்ள, இரண்டு வயது நிரம்பாத காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு, தந்தை தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் ஈரல் மாற்று அதுதான். அந்தப் பிள்ளை வளர்ந்து டாக்டராகிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ‘மொத்த பிலிருபின்’ மட்டும் எடுத்து அனுப்பினால் திரும்பாதீர்கள். ‘டைரக்ட் பிலிருபின் எவ்வளவு?’ என்று கேளுங்கள். ஐ.என்.ஆர். பார்த்தார்களா, வைட்டமின் கே ஊசி தேவையா என்றும் கேளுங்கள். டைரக்ட் கூடுதல் என்று தெரிந்தால் அன்றே குழந்தை அறுவைசிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.