வாட்டம் பார்த்துக் கட்டு, தங்கச்சி

கடைக்கால் பூஜைக்கு நாள் குறிச்சாச்சுன்னு நீ சொன்னதும் மனசு குளுந்துச்சு. ஆனா நீ வாட்ஸ்அப்ல அனுப்பின பிளான்ல பூஜை ரூம் கதவு டிசைன் இருக்கு, கிச்சன் டைல்ஸ் கலர் இருக்கு. குளிச்ச தண்ணி எந்த வழியா வெளிய போகும்னு ஒரு கோடுகூட இல்ல. நானும் முடிச்சூர்ல 2011-ல கட்டினப்ப இப்படித்தான் இருந்தேன். 2015 டிசம்பர்ல தெரு வெள்ளம் வாசப்படி ஏறுறதுக்கு முன்னாடியே, கீழ்வீட்டு டாய்லெட் கோப்பை வழியா செப்டிக் டேங்க் தண்ணி மேல வந்துடுச்சு. அந்த வாடை இன்னும் எனக்கு மறக்கல.

அதனால கணக்கை வாசல்லேருந்து ஆரம்பிக்காத, கழிவு போய்ச் சேர்ற கடைசி இடத்துலேருந்து ஆரம்பி. உங்க லேஅவுட்ல பாதாள சாக்கடை இல்ல, அப்ப கடைசி இடம் செப்டிக் டேங்க் வாய். 4 அங்குலக் குழாய்க்கு 10 அடிக்கு 3 அங்குலம் வாட்டம் வேணும். பின்பக்க பாத்ரூம்லேருந்து டேங்க் 30 அடின்னா 9 அங்குலம் இறங்கணும். பாத்ரூம் ஓரத்துல குழாய் ஒரு அடி ஆழத்துல ஆரம்பிச்சா, டேங்க் வாய்ல ஒண்ணேமுக்கால் அடி. டேங்க்லேருந்து வெளிய போற குழாய் அதுக்கும் 2 அங்குலம் கீழ. இதையெல்லாம் கூட்டிப் பாத்துட்டுதான் பேஸ்மட்டம் எவ்வளவு உசரம்னு முடிவு பண்ணணும். நம்ம ஆளுங்க பேஸ்மட்டத்தை முதல்ல போட்டுட்டு, குழாய் பதிக்கிறப்ப தலையைச் சொறிவாங்க.

பேஸ்மட்டம்னதும் இன்னொண்ணு. ரோட்டுலேருந்து ஒன்றரை அடி போதும்னு எங்க மேஸ்திரி சொன்னார், கேட்டுக்கிட்டேன். அதுக்கப்புறம் பழசைச் சுரண்டாம ரெண்டு தடவை ரோடு போட்டாங்க. இப்ப எங்க வாசல் ரோட்டுக்கு அரையடிதான் மேல நிக்குது. நீ 3 அடிக்குக் குறையாத. அதுக்கு முன்னாடி தெருமுனை மளிகைக் கடைக்காரர்கிட்ட போய், 2015-ல தண்ணி எங்க வரைக்கும் நின்னுச்சுன்னு கேளு. ஷட்டர்ல கையை வச்சே காட்டுவார். அந்தக் கைக்கு மேல இருக்கணும் உன் தரை.

லெவல் பாக்கிறப்ப பக்கத்துலயே நில்லு. நீளமா ஒரு டியூப்ல தண்ணி நிரப்பி, இந்தச் செவுத்துல ஒருத்தர், அந்தச் செவுத்துல ஒருத்தர் பிடிச்சுக் கோடு போடுவாங்க. அருமையான கருவி, பொய் சொல்லாது. ஆனா டியூப் நடுவுல ஒரு காத்துக்குமிழ் மாட்டிக்கிட்டா கோடு தப்பாயிடும். எங்க வீட்டுல அப்படித்தான், பின்பக்கக் குழாய் எதிர்வாட்டமா போயிடுச்சு. மூணு மாசம் கழிச்சு தரையை உடைச்சோம். கோடு போடுறதுக்கு முன்னாடி டியூப்போட ரெண்டு வாயையும் சேத்துப் பிடிச்சு, தண்ணி ஒரே மட்டத்துல நிக்குதான்னு பாரு.

இப்ப வாஸ்து. கோவிச்சுக்காத, நானும் பாக்கிறவதான். போர் ஈசான மூலையில, செப்டிக் டேங்க் வாயு மூலையிலன்னு சொல்லியிருக்காங்க. உன் வாயு மூலையை ஒட்டி மேக்கால இருக்கிற மனையோட மூலை எது? அவங்க ஈசான மூலை. ரெண்டு பேரும் சாஸ்திரப்படி கட்டினா உன் டேங்க்கும் அவங்க போரும் ஒரே காம்பவுண்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா நிக்கும்! கழிவு ஊறுற குழிக்கும் குடிதண்ணி எடுக்கிற இடத்துக்கும் 50 அடி இருக்கணும்பாங்க. 30-க்கு 40 மனையில மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான். ஆகவே பக்கத்து வீட்டுக்காரங்ககூட காபி குடிச்சுப் பேசிட்டு இடம் குறி. எங்க வச்சாலும் டேங்க்குக்கு அடிக் கான்கிரீட் போட்டு, உள்பக்கம் நல்லாப் பூசு. உறையை இறக்கி, அடியைத் திறந்து விட்டுட்டு "செப்டிக் டேங்க்"னு பில் போடுவாங்க, ஏமாறாத. உள்ள ரெண்டு அறை, வாய்லயும் வெளியேறுற இடத்துலயும் 'டி' பைப், மாடிக்கு மேல வரைக்கும் காத்துக்குழாய், அது உச்சியில கொசுவலை. மூடி மேல டைல்ஸ் ஒட்டி அழகு பாக்காத. லாரி ஹோஸ் எட்டணும், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கசடு எடுக்கணும். ஆளை உள்ள இறக்குறதுக்கு 2013 சட்டப்படி தடை, அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காத. டேங்க் வாய்க்கு முன்னாடி ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ் மட்டும் மாட்டிடு. அது இருந்திருந்தா என் வீட்டு டாய்லெட் தப்பிச்சிருக்கும்.

பாத்ரூம் தரை ரூம் தரையைவிட ஒரு அங்குலம் கீழ இருக்கட்டும். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம், தண்ணி போற ஜாலி குழாய்க்கு அடியில மூலையில. டைல்ஸ் ஒட்டி, இடுக்கு அடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாளி தண்ணியைக் கொட்டு. எங்க தேங்குதுன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். மாடி பாத்ரூமுக்குப் பள்ளமா தளம் போடுவாங்க இல்ல, அதுல வாட்டர்ப்ரூஃப் பூசினதும் ரெண்டு நாள் தண்ணி கட்டி விட்டு, கீழ் சீலிங்கைப் பாரு. அதுக்கப்புறம்தான் மண்ணோ ஜல்லியோ நிரப்பணும். அப்புறம், ஆள் இல்லாத பாத்ரூம்ல வாரத்துக்கு ஒரு மக் தண்ணி ஊத்து. ட்ராப்புல நிக்கிற தண்ணி காஞ்சாதான் நாத்தமும் கரப்பானும் மேல வரும், ஆசிட் ஊத்தினா தீராது.

கிச்சன் தண்ணியை டேங்க்ல விடாத. எண்ணெய் படலமா கட்டிக்கும். தனிக் குழாய், நடுவுல எண்ணெய் தங்க ஒரு சின்னத் தொட்டி, அதிலேருந்து வாழைக்கும் கல்வாழைக்கும்.

மழைத்தண்ணி வேற கட்சி, சாக்கடைக் குழாயோட சேரவே கூடாது. 1000 சதுர அடி மாடியில 1 செ.மீ. மழை பெஞ்சா 900 லிட்டருக்கு மேல வரும். ஐப்பசியில ஒரே ராத்திரி 10 செ.மீ. அடிச்சா ஒரு பெரிய தண்ணி லாரி உன் மாடியில நிக்கிற மாதிரி. அதுக்கு ஒரே ஒரு குழாய் வச்சிருப்பாங்க, அதை ஒரு பால் பாக்கெட் அடைச்சுடும். குறைஞ்சது ரெண்டு வை, வாய்ல ஜல்லடை போடு. ரெண்டும் சேகரிப்புக் குழிக்குப் போகட்டும். 2003-லேருந்து நம்ம ஊர்ல அது கட்டாயம். பல வீட்டுல பிளான் அப்ரூவலுக்காக ஒரு குழாயை மண்ணுல சொருகி வச்சிருப்பாங்க, அந்த வேலை நமக்கு வேண்டாம்.

கடைசியா, குழாயெல்லாம் பதிச்சு மூடுறதுக்கு முன்னாடி, பக்கத்துல டேப்பை விரிச்சு வச்சு, செவுரும் தெரியிற மாதிரி போட்டோ எடுத்து வை. எங்க வீட்டுல தரையை உடைச்சப்ப குழாய் எங்க போகுதுன்னே யாருக்கும் தெரியல. உங்க மாமா மூணு இடத்துல தோண்டினார், மூணாவது குழியில கரண்ட் பைப்பு!

பூஜை அன்னிக்குக் காலையிலயே வந்துடுறேன். டியூப்பை நானே கொண்டு வர்றேன்.