ஆக்ஸிமீட்டர் 95 காட்டுதா? ஆளையும் பாருங்க!

கொரோனா நேரத்துல வாங்கின ஆக்ஸிமீட்டர் இன்னும் பல வீட்ல இருக்கு. அப்பாவுக்கு மூச்சு வாங்கினா விரல்ல மாட்டுறீங்க. 95ன்னு வந்ததும் "ஒண்ணுமில்லப்பா, படுங்க"ன்னு விளக்கை அணைச்சிடுறீங்க. அங்கதான் தப்புப் பண்றீங்க, குறிப்பா அப்பா நல்ல கறுப்பா இருந்தா.

அந்தக் கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள்ள அனுப்பி, எவ்வளவு வெளியே வருதுன்னு பார்த்து, ரத்தத்துல ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம்னு கணக்குப் போடுது. தோலைக் கறுப்பாக்குற மெலனினும் அந்த ஒளியை உறிஞ்சும். அதனால கறுப்புத் தோல்ல சில நேரம் உள்ளதைவிடக் கூடுதலாக் காட்டிடும். 2020 டிசம்பர்ல அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதை ஆதாரத்தோட எழுதினாங்க. கருவி 92 முதல் 96 வரை காட்டினப்ப ரத்தத்தையே எடுத்துச் சோதிச்சாங்க. உண்மையில 88க்கும் கீழ இருந்தது வெள்ளையர்களோட சோதனைகள்ல 3.6%, கறுப்பினத்தவரோட சோதனைகள்ல 11.7%. ஆஸ்பத்திரிக் கருவிக்கே இந்த நிலைமை!

தூக்கிப் போடச் சொல்லல. இப்படிப் பயன்படுத்துங்க:

1. உடம்பு நல்லா இருக்கும்போதே அளந்து, காலண்டர் ஓரத்துல எழுதி வையுங்க. இதை மட்டுமாவது இன்னிக்கே செய்ங்க. எப்பவும் 98 வர்ற அம்மாவுக்கு இன்னிக்கு 94ன்னா, "94 பரவாயில்ல"ன்னு விடாதீங்க. நாலு இறங்கியிருக்கு, அதுதான் சேதி.

2. நெயில் பாலிஷைத் துடைங்க. கறுப்பு மெஹந்தி போட்ட விரல் வேண்டாம். கை ஜில்லுன்னு இருந்தா தேய்ச்சுச் சூடாக்குங்க. கையை மடியில வச்சு, அசையாம, பேசாம உட்காரணும். மாட்டினதும் வர்ற முதல் எண்ணைப் பார்த்துட்டு ஓடாதீங்க, எண் ஆடாம நிக்கட்டும்.

3. குறைவாக் காட்டினா "மிஷின் கோளாறு"ன்னு சமாதானம் சொல்லாதீங்க. விரலை மாத்தி ஒரு தடவை பாருங்க. அப்பவும் குறைவுன்னா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

4. ஆக்ஸிமீட்டர் மட்டுமில்ல, நெற்றியில அளக்குற தெர்மாமீட்டரும் கறுப்பினத்தவர்ல காய்ச்சலைத் தவறவிட்டதா 2022ல ஆய்வு வந்திருக்கு. உடம்பு கொதிச்சும் அது நார்மல்னு சொன்னா, வாயில வச்சுப் பாருங்க.

5. ஆக்ஸிஜன் குறைஞ்சு உதடு நீலமாகட்டும்னு காத்திருக்காதீங்க. கறுப்புத் தோல்ல அது நீலமாத் தெரியாமப் போகலாம். வாயைச் சுத்திச் சாம்பல் பூத்த மாதிரி வெளிறலாம். நாக்கு, ஈறு, இமையோட உள்பக்கம் பாருங்க. ஒரு வாக்கியத்தை முழுசாச் சொல்ல முடியாம மூச்சு வாங்குதா, பேச்சு குழறுதா, பேர் சொல்லிக் கூப்பிட்டாப் புரியாம முழிக்கிறாங்களா? அந்த நேரத்துல 96 காட்டினாலும் 108-ஐக் கூப்பிடுங்க.

ஆஸ்பத்திரியில "மிஷின் நல்லாத்தானே காட்டுது"ன்னா கூச்சப்படாதீங்க. மணிக்கட்டு ரத்தக்குழாய்ல ரத்தம் எடுத்துச் செய்யற ஏபிஜி டெஸ்ட் பார்க்கலாமா டாக்டர்னு வாயைத் திறந்து கேளுங்க.