ஆண்டுத் திட்டமும் கணிதப் பாடமும்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கணித ஆசிரியர் எழுதவேண்டிய முதல் ஏடு ஆண்டுத் திட்டம். பலர் அதனை ஒரே மாலையில் எழுதி முடித்துவிடுவர். நூலில் 8 அலகுகள். கையில் 8 மாதங்கள். மாதத்திற்கு ஓர் அலகு! ஏட்டில் ஒத்துவரும் இக்கணக்கு வகுப்பறையில் ஒத்துவருவதில்லை. ஏன் என்பதைப் பத்தாம் வகுப்பைக் கொண்டே ஆராய்வோம்.

முதலாவது, நாள்கள். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 220 வேலைநாள்கள் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் வரையறை. எந்த வகுப்பாயினும் வேலைநாள்கள் யாவும் பாடம் நடக்கும் நாள்கள் அல்ல. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளும், விளையாட்டு விழாவும், ஐப்பசி கார்த்திகை அடைமழையும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளும். கடினமான அலகுகளை அம்மாதங்களுக்கு ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது.

நாள்களினும் முக்கியமானது, எந்தப் பாடம் எதன்மேல் நிற்கிறது என்பது. தமிழ்நாட்டில் 2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்பு நூலில் வடிவியல் நான்காவது, ஆயத்தொலை வடிவியல் ஐந்தாவது, முக்கோணவியல் ஆறாவது. ஆனால் நேர்க்கோட்டின் சாய்வு என்பதே அதன் சாய்வுக் கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்பு அன்றோ? அவ்விகிதங்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிட்டன என்பது உண்மை. கோடை விடுமுறைக்குப் பின் அவை எத்தனை பேர் நினைவில் நிற்கும்? எனவே சாய்வுக்கு முன் இரண்டு பாடவேளைகளை மீள்பார்வைக்கு ஒதுக்கவேண்டும். இன்னும் ஆழமாகச் சென்றால், விகிதங்கள் மாறாதிருப்பதற்குக் காரணமே வடிவொத்த முக்கோணங்கள்தாம். 30 பாகைக் கோணமுடைய செங்கோண முக்கோணத்தை நோட்டில் சிறிதாகவும் கரும்பலகையில் பெரிதாகவும் வரைந்து அளக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் இரண்டிலும் கர்ணத்தில் பாதியாகவே இருக்கும். வடிவியல் நடக்கும்போதே இதைச் செய்துவிட்டால் பின்வரும் இரண்டு அலகுகளுக்கும் அது அடித்தளமாகும்.

இரண்டாம்படி, காரணிப்படுத்தலில் தடுமாறுபவனுக்கு இருபடிச் சமன்பாடு புரியாது என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

கடைசி அலகான புள்ளியியலின் கதை வேறு. நான் படித்த பள்ளியில் திட்ட விலக்கம் இறுதி வாரத்தில், இரண்டே வேளைகளில் முடிந்தது. சூத்திரத்தை மனப்பாடம் செய்தேன், மதிப்பெண்ணும் பெற்றேன். அது எதை அளக்கிறது என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன். 2, 4, 6, 8, 10 என்பனவற்றின் சராசரி 6. 5, 6, 6, 6, 7 என்பனவற்றின் சராசரியும் 6. முன்னதன் திட்ட விலக்கம் ஏறத்தாழ 2.83, பின்னதற்கு 0.63. சராசரி காட்டாத சிதறலை இது காட்டுகிறது. இவ்வளவுதான்! இதைச் சொல்ல அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இவ்வலகை இறுதியில் குவிக்காமல் ஜூலை முதலே தூவலாம். அன்றாட வருகைப் பதிவும் மழையளவும் மாணவர்களே திரட்டக்கூடிய விவரங்கள். செய்முறை வடிவியலையும் வரைபடத்தையும் அவ்வாறே வாரம் ஒரு வேளையாகப் பிரித்துவிடலாம். கவராயம் பிடிக்கும் கைப்பழக்கம் ஒரே மாதத்தில் வருவதன்று.

திட்ட ஏட்டில் ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஒரு வாரத்தை வெறுமையாக விடவேண்டும். மேற்பார்வையிட வருவோர் அதைக் குறையாகக் கருதக்கூடும். பின்தங்கிய மாணவர்களுக்கு அந்த ஒரு வாரமே கிடைக்கும் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லலாம்.