மெஷினுக்கும் ஒரு இரட்டை: சிப்காட் வேலைக்குத் தயாராகும் நல்லம்பள்ளிக்காரர்களுக்கு

உங்கள் போர்வெல் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்தப் பாடத்தில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தோட்டத்துக்குப் போகாமலே மோட்டார் ஓடுதா, மூணு பேஸும் வந்துடுச்சா என்று செல்போனில் பார்த்துவிடுகிறீர்கள். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறையும். அதைக் கண்டு ஸ்டார்ட்டர் தானாக நிறுத்திவிடும். காயில் கருகாமல் தப்பும்.

தொழிற்சாலையில் இதையே பல படி மேலே கொண்டு போனால் அதுதான் ‘டிஜிட்டல் ட்வின்’. மெஷினுக்குக் கணினியில் ஒரு இரட்டைப் பிறவி. நிஜ மெஷினில் பொருத்திய சென்சார்கள் அதிர்வு, வெப்பம், மின்னோட்டம் எல்லாவற்றையும் அதற்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஸ்டார்ட்டர் நடப்பதை மட்டும் சொல்லும். இரட்டையிடமோ, “வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்?” என்று கேட்கலாம். நிஜ மெஷினை உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு பேரிங் தேயத் தொடங்கினால் முதலில் மாறுவது அதிர்வு. காதில் சத்தம் விழுவதும் தொட்டால் சுடுவதும் பிறகுதான். முன்கூட்டியே தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை நிறுத்தி மாற்றலாம். தெரியாவிட்டால் ஷிப்ட் நடுவே லைன் முழுக்க நிற்கும். ஆனால், ஒரு கம்பெனி மெஷின் பேசும் ‘பாஷை’ இன்னொன்றுக்குப் புரியாது. ‘ஓபிசி யுஏ’ போன்ற பொது முறைகளில் தரவை ஓரிடத்தில் சேர்ப்பதுதான் தொழில் தரவுத் தளத்தின் வேலை.

இது வெளிநாட்டுக் கதை அல்ல. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் ஆலை இருக்கிறதல்லவா? அங்கே உற்பத்தி தொடங்கும் முன்பே அதைக் கணினியில் சரிபார்க்க, சீமென்ஸின் டிஜிட்டல் ட்வின் மென்பொருளைப் பயன்படுத்தப்போவதாக 2021 ஜனவரியில் அறிவித்தார்கள். நம் வட்டத்திலேயே அதகபாடி, தடங்கம், பாலஜங்கமனஹள்ளி கிராமங்களில் 1,700 ஏக்கருக்கு மேல் சிப்காட் பூங்கா அமைகிறது.

அங்கே வரும் ஆலைகளில் உங்களுக்கு என்ன வேலை? எல்லாரும் கோடிங் படிக்க வேண்டும் என்பது மிகைப்பேச்சு. சென்சாரின் போல்ட் லூசானாலும் திரையில் ‘அதிர்வு அதிகம்’ என்றுதான் காட்டும். கோளாறு மெஷினிலா சென்சாரிலா என்று பிரித்துச் சொல்ல, கை பழகிய ஃபிட்டர் வேண்டும். ஐடிஐ முடித்தவர்கள் அதிர்வு வரைபடம் படிக்கவும், பிஎல்சி இயக்கவும் கற்றுக்கொண்டால் மதிப்பே வேறு.

பொறியியல் படிப்பவர்கள் ‘நான் முதல்வன்’ தளத்தில் தங்கள் கல்லூரிக்கு உள்ள பயிற்சிகளைப் பாருங்கள். சென்னை டைடல் பார்க்கில், டிட்கோவும் சீமென்ஸும் சேர்ந்து அமைத்த ‘டான்சாம்’ மையம் 2022-இல் திறக்கப்பட்டது. சிறுதொழில்களுக்கும் அது உதவுகிறது.

சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர்கள் எடுத்த எடுப்பில் ட்வின் வாங்க வேண்டாம். அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரே ஒரு மெஷினில் சென்சார் போட்டு ஆறு மாதம் பாருங்கள். மென்பொருள் விற்பவரிடம் கையெழுத்துப் போடும் முன், “என் மெஷின் தரவு யாருக்குச் சொந்தம், ஒப்பந்தம் முடிந்தால் திரும்பக் கிடைக்குமா?” என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மானியம், கடன் பற்றி விசாரிக்க, தருமபுரி மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகலாம்.