கன்னத்துக்குள் ஒரு வெள்ளை வலை

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. இரண்டு கன்னங்களின் உட்புறமும் வெள்ளைக் கோடுகள். ரசம் சாதம்கூட எரிகிறது. பல் டாக்டர் ‘லைக்கன் பிளானஸ்’ என்கிறார். இது ஒட்டுமா? புற்றுநோயாக மாறுமா?

பதில்: ஒட்டாது. ஒரே டம்ளரில் காபி குடித்தாலும் பரவாது. இது கிருமியால் வருவதில்லை. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் வாயின் மெல்லிய தோலையே எதிரியாக நினைத்துத் தாக்குவதால் வருவது.

1869இல் எராஸ்மஸ் வில்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்தார். சரிகை பின்னியதுபோன்ற அந்தக் கோடுகளுக்கு விக்காம் கோடுகள் என்று பெயர். பெரும்பாலும் இரு கன்னங்களிலும் ஒன்றுபோலத் தெரியும். விரலால் தேய்த்தாலும் போகாது. நடுத்தர வயதுப் பெண்களிடம் சற்று அதிகம்.

கோடு மட்டும் இருந்தால் மருந்தே வேண்டாம். சிவந்து புண்ணானால்தான் தொல்லை. அப்போது டிரையம்சினோலோன் போன்ற ஸ்டீராய்டு பசையை, சாப்பிட்டு வாய் கொப்பளித்த பின், ஈரத்தை ஒற்றியெடுத்துத் தடவச் சொல்வார்கள். தடவியதும் அரை மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்! நாள்பட்டுத் தடவினால் வாயில் காளான் தொற்று வரலாம். அதற்கும் மருந்து உண்டு.

சில ரத்த அழுத்த மாத்திரைகளும், பல்லில் அடைத்த வெள்ளி அமால்கமும் இதேபோன்ற கோடுகளையும் புண்ணையும் உண்டாக்கலாம். எனவே மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

புற்றுநோயாக மாறுவது சுமார் 100 பேரில் ஒருவருக்கே. சந்தேகமிருந்தால் சிறு துணுக்கை வெட்டி பயாப்ஸி பார்ப்பார்கள். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் இருந்தால் விட்டேயாக வேண்டும். எரிச்சல் அடங்கினாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டிவரட்டும்.