ஒரே தட்டில் தமிழ்: பிரவுசர் நீட்சிக்குக் குறுக்குவிசை அமைப்போம்

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஜூன் மாதத்தில் கல்லூரிச் சேர்க்கைப் பரபரப்பும் இருக்கும். வருமானம், சாதி, முதல் பட்டதாரி எனச் சான்றிதழ்களுக்குத் தென்காசி வீட்டில் இருந்தபடியே இ-சேவை தளத்தில் நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் பெயரை ஒரு கட்டத்தில் ஆங்கிலத்திலும் அடுத்ததில் தமிழிலும் அடிக்கும்போதுதான் சிக்கல். ஒவ்வொரு தடவையும் மவுஸைத் தேடி, தமிழ்த் தட்டச்சு எக்ஸ்டென்ஷனை, அதாவது நீட்சியை, ஆன் செய்து ஆஃப் செய்வதற்குள் பொறுமை போய்விடும். அந்த அவசரத்தில் பெயரில் ஓர் எழுத்து பிசகினால், சான்றிதழிலும் அதே பிழை வந்துவிடலாம்.

இதற்கு எளிய வழி குறுக்குவிசை.

குரோமில்:
1. மேலே வலது ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'எக்ஸ்டென்ஷன்ஸ்', பிறகு 'மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' செல்லுங்கள்.
2. இடப்பக்கம் 'கீபோர்டு ஷார்ட்கட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. உங்கள் நீட்சிக்கு நேராக உள்ள பென்சில் படத்தைத் தொட்டு, விரும்பும் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். உதாரணமாக, கண்ட்ரோல் + ஷிப்ட் + 9. அவ்வளவுதான்!

பயர்பாக்ஸில் மூன்று கோடு மெனு வழியாக 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பகுதிக்குப் போய், பல்சக்கரப் படத்தைத் தொட்டால் 'மேனேஜ் எக்ஸ்டென்ஷன் ஷார்ட்கட்ஸ்' கிடைக்கும்.

ஏற்கெனவே வேலை செய்யும் விசைகளைத் தொடாதீர்கள். கண்ட்ரோல் + 1 முதல் 9 வரை டேப் மாற்றுவதற்கானவை. விண்டோஸில் இரண்டு மொழி வைத்திருந்தால், ஆல்ட் + ஷிப்ட் மொழியை மாற்றிவிடும். இரண்டு நீட்சிகளுக்கு ஒரே விசையையும் கொடுக்காதீர்கள்.

மவுஸைப் பிடிக்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கும் மூத்தவர்களுக்கும் இது வெறும் வசதி அல்ல. பிறர் தயவில்லாமல் தானே விண்ணப்பிக்கும் வழி. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இன்றே அமைத்துக் கொடுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. 'எல்லா இணையதளங்களின் தகவல்களையும் படிக்க, மாற்ற' அனுமதி கேட்கும் நீட்சியால், நீங்கள் அடிக்கும் ஆதார் எண்ணையும் படிக்க முடியும். நம்பகமானதை மட்டும் வையுங்கள். தேவையில்லாததைச் சட்டுன்னு நீக்கிவிடுங்கள். பிரவுசிங் சென்டர் கணினியில் முன்பின் தெரியாத நீட்சிகள் இருந்தால், அங்கே விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது.

கடைசியாக ஒன்று: சமர்ப்பிக்கும் முன் பெயரை இரு மொழியிலும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். குறுக்குவிசை நேரத்தைத்தான் மிச்சப்படுத்தும். பிழையைப் பார்க்க வேண்டியது நம் கண்தான்.